இடுக்கணில் பிறந்த சகோதரன்

தியானப் பகுதி: ஆதியாகமம் 40:23, எஸ்தர் 6:1-3, நீதிமொழிகள் 17:17



இந்த மாதம் ஒரு மனிதனுடைய ஜீவியத்தை உங்களுக்கு முன்பாக வைக்கும்படி உள்ளத்தில் பாரம் உண்டானது. அவர் நம்முடைய சபையைச் சேர்ந்தவர் அல்ல. கிறிஸ்தவரும் அல்ல. ஒரு யூதன். ஹங்கேரி தேசத்தில் பிறந்து, அகதியாய் அமெரிக்காவுக்குப் போய், குடியுரிமை கிடைக்கும் முன்னமே அந்தத் தேசத்துக்காக யுத்தத்துக்குப் போன ஒரு வாலிபன். பேர் திபோர் ரூபின். 2015ஆம் வருஷம் டிசம்பர் 5ஆம் தேதி, தமது 86ஆம் வயதில் கலிபோர்னியாவில் காலமானார். இரட்சிக்கப்படாத ஒருவரைப் பற்றி நம்ம பத்திரிகையில் ஏன் எழுதவேண்டும் என்று சிலர் கேட்கலாம். லூக்கா 10ஆம் அதிகாரத்தில் நம்ம ஆண்டவர் யாரை எடுத்து உதாரணமாக வைத்தார்? ஆசாரியனையா, லேவியனையா? ஒரு சமாரியனை. அது ஞாபகம் இருந்தால் போதும், மேலே வாசியுங்கள்.

முதலாவது அந்தப் பானபாத்திரக்காரனைப் பார்ப்போம். யோசேப்பு சிறைச்சாலையில் அவனுக்குச் சொப்பனத்தின் அர்த்தத்தைச் சொன்னான். நீ நல்லாயிருக்கும்போது என்னை நினைத்துக்கொள் என்று ஒரே ஒரு விண்ணப்பம்தான் பண்ணினான். அவன் வெளியே போனான், மறந்துவிட்டான். இரண்டு வருஷம் முழுதும் போயிற்று. யோசேப்பு எபிரெயன், அந்நியன், அடிமை, அதிலேயும் கைதி. இப்படிப்பட்டவனை மறப்பது எவ்வளவு சுலபம் பாருங்க! பெரிய மனுஷன் செய்த சின்ன உதவியைக் கல்வெட்டிலே பொறிக்கிறோம். இல்லாதவன் செய்த பெரிய உதவி மறுநாளே மறந்துபோகிறது.

யோசேப்பு காத்திருந்தது இரண்டு வருஷம். திபோர் ரூபின் காத்திருந்தது ஐம்பத்தைந்து வருஷம்.

ஹங்கேரியில் பாஸ்தோ என்று ஒரு சிறு ஊர். 1929 ஜூன் 18ஆம் தேதி அங்கே பிறந்தார். தகப்பன் செருப்பு தைக்கிறவர். அந்தத் தொழிலை நம்ம ஊரிலே எந்தக் கண்ணோடே பார்க்கிறோம் என்று உங்களுக்கே தெரியும். ஹிட்லரின் கொடுமை அந்தச் சின்ன ஊரையும் எட்டியது. பிள்ளையை எப்படியாவது சுவிட்சர்லாந்துக்குத் தப்பவைக்கப் பார்த்தார்கள், நடக்கவில்லை. வழியிலே பிடிபட்டு ஆஸ்திரியாவிலிருந்த மவுத்ஹவுசன் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். மீசைகூட முளைக்காத வயது. அந்த முகாமிலே ஒரு கருங்கல் குவாரி. அதிலிருந்து மேலே ஏற 186 படிகள். கைதிகள் முதுகிலே பாறையைச் சுமந்துகொண்டு அந்தப் படிகளில் ஏறவேண்டும். விழுந்தவன் எழும்புவதில்லை. அந்த முகாமிலும் அதைச் சேர்ந்த கிளை முகாம்களிலும் அடைக்கப்பட்டவர்கள் சுமார் 1,90,000 பேர். அவர்களில் குறைந்தது 90,000 பேர் உயிரோடே திரும்பவில்லை.

பதினாலு மாதம் அங்கே இருந்தார். 1945 மே 5ஆம் தேதி அமெரிக்க சேனை வந்து வாசலைத் திறந்தது. எலும்பும் தோலுமாய், பேனும் நாற்றமுமாய்க் கிடந்தவர்களைத் தொட அந்தப் போர்ச்சேவகர்கள் அருவருக்கவில்லை. தொட்டார்கள், தூக்கினார்கள், ஆகாரம் கொடுத்தார்கள். பதினைந்து வயதுப் பையன் அதைப் பார்த்தான். நானும் ஒருநாள் அமெரிக்காவுக்குப் போவேன், இவர்களைப்போல ஒரு சேவகனாகி இந்தக் கடனைத் தீர்ப்பேன் என்று பொருத்தனை பண்ணிக்கொண்டான். அவனுடைய தகப்பனும் தாயும் தங்கையும் திரும்பி வரவில்லை. நாஜிகளுடைய முகாம்களிலே மாண்டுபோனார்கள்.

பொருத்தனை பண்ணுவது சுலபம். வியாதிப்படுக்கையிலே நாம் பண்ணாத பொருத்தனையா? ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்கு வந்ததும் அது எங்கே போகிறது? இந்தப் பையன் மறக்கவில்லை. 1948ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். நியூயார்க்கில் முதலில் செருப்பு தைக்கிற வேலை, பிறகு இறைச்சிக் கடையிலே வேலை. 1949ல் பட்டாளத்தில் சேரப்போனார். ஆங்கிலப் பரீட்சையிலே தோற்றுவிட்டார். சரி போகட்டும் என்று விட்டிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? 1950ல் மறுபடியும் போனார். கூட இருந்தவர்கள் கொஞ்சம் கைகொடுக்க, தேறிவிட்டார். அந்த வருஷம் ஜூன் 25ஆம் தேதி கொரியா யுத்தம் மூண்டது. ஜூலையிலே அவர் கொரியாவில் இருந்தார், 8ஆம் குதிரைப்படை ரெஜிமெண்டிலே.

இனிமேல்தான் வேதனையான காரியம். அவருக்கு மேலே ஒரு சார்ஜண்ட் இருந்தான். யூதன் என்றாலே அவனுக்கு ஆகாது. எது ஆபத்தான வேலையோ, எதற்குப் போனால் திரும்பிவர முடியாதோ, அதற்கெல்லாம் இந்த அந்நியனையே அனுப்பினான் என்று கூட இருந்த சேவகர்கள் பிற்காலத்தில் சத்தியம் பண்ணி எழுதிக்கொடுத்தார்கள். பூசான் பக்கமாய்ச் சேனை பின்வாங்கியபோது, தேகு-பூசான் பாதையைக் காப்பதற்காக ஒரு மலையின்மேல் தனி ஆளாய் நிறுத்தப்பட்டார். ஒரு பகல், ஒரு இரவு, இருபத்துநாலு மணி நேரம் எதிரிகளைத் தடுத்து நின்றார். யுத்தத்தில் விழுந்தவர்களின் எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமை பேச எனக்கு விருப்பமில்லை. அந்தப் பக்கம் விழுந்தவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான். ஆனால் தனியாய் விடப்பட்ட அந்த மனிதன் தன் இடத்தை விட்டு ஓடவில்லை, அதினால் அவனுடைய ரெஜிமெண்ட் தப்பித்தது. அதைமட்டும் சொல்லிக் கடந்துபோகிறேன்.

உரியாவுக்கு என்ன நடந்தது? யுத்தம் மும்முரமாய் நடக்கிற முகத்திலே அவனை நிறுத்துங்கள் என்று தாவீது கடிதம் எழுதினான். உரியா ஏத்தியன், அந்நிய ஜாதியான். சொந்த ஜாதிக்காரனாய் இருந்திருந்தால் அந்தக் கடிதம் எழுதப்பட்டிருக்குமோ? எனக்குச் சந்தேகம்தான். சபையிலேயும் பாருங்க, பாய் விரிக்கிறதும் பாத்திரம் கழுவுகிறதும் யாருக்கு வருகிறது? நேற்று வேறே ஊரிலிருந்து வந்த குடும்பத்துக்கு. மேடையில் நாற்காலி யாருக்கு? சொல்லவேண்டியதில்லை. யாத்திராகமம் 23:9ஐ உங்கள் வேதத்தில் கோடு போட்டு வையுங்கள். அந்நியனுடைய மனசு எப்படியிருக்கும் என்பது எகிப்திலே அந்நியராய் இருந்த உங்களுக்குத் தெரியுமே என்று இஸ்ரவேலைப் பார்த்துக் கர்த்தர் சொன்ன இடம் அது.

அவருக்கு உயர்ந்த விருது கொடுக்கவேண்டும் என்று இரண்டு மேலதிகாரிகள் சொன்னார்கள். எழுத்துவேலையைப் பார்க்கும்படி அந்தச் சார்ஜண்டிடமே கட்டளையிட்டார்கள். கொஞ்ச நாளுக்குள்ளே இரண்டு அதிகாரிகளும் யுத்தத்தில் மடிந்தார்கள். காகிதம் எழுதப்படவே இல்லை. மொர்தெகாயின் காரியத்திலாவது அவன் செய்தது நாளாகமப் புஸ்தகத்திலே ஏறியிருந்தது. ராஜாவுக்கு நித்திரை வராத ராத்திரியிலே அதை எடுத்து வாசிக்க முடிந்தது. இங்கே வாசிக்கப் புஸ்தகமே இல்லை!

1950 அக்டோபர் கடைசி. ரெஜிமெண்ட் வடகொரியாவுக்குள் உன்சான் என்ற இடத்தில் இருந்தது. இரவிலே சீன சேனை திரளாய் வந்து விழுந்தது. இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்த மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராய் விழ, நாலாவதாக ரூபின் அதைப் பிடித்தார். குண்டுகள் தீருமட்டும் விடவில்லை. மற்றவர்கள் தெற்கே தப்பிப்போனார்கள். அவர் பலத்த காயத்தோடே பிடிபட்டார். மறுபடியும் முள்வேலி. மவுத்ஹவுசனை விட்டு ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது.

அந்தக் குளிர்காலத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். யாலு நதி உறைந்துபோகிற குளிர். மார்கழிப் பனிக்கே மப்ளர் கட்டுகிற நமக்கு அது கற்பனையிலும் வராது. கோடைக்கால உடுப்போடே பிடிபட்டவர்கள் அநேகர். ஆகாரம் ஒரு கைப்பிடி தினை, இல்லாவிட்டால் உடைத்த மக்காச்சோளம். வயிற்றுக்கடுப்பு, நிமோனியா, பேன். கொரியா யுத்தத்தில் சிறைப்பட்ட அமெரிக்கர் சுமார் 7,100 பேர். அவர்களில் 2,700 பேர் அளவில் சிறையிலேயே மரித்தார்கள். பெரும்பாலும் அந்த முதல் குளிர்காலத்திலும் அதையடுத்த மாதங்களிலும்தான்.

பசியும் நோயும் மட்டும் அவர்களைக் கொல்லவில்லை. வாலிபர்கள், இருபது வயதுப் பிள்ளைகள், ஒருநாள் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கமாய்த் திரும்பிப் படுத்துவிடுவார்கள். கொடுத்த ஆகாரத்தைத் தள்ளிவிடுவார்கள். பேச்சும் இருக்காது. ஓரிரு நாளிலே ஜீவன் போய்விடும். நம்பிக்கை அற்றுப்போகிற அந்த வியாதிக்குக் கைதிகள் தாங்களாகவே ஒரு பேர் வைத்திருந்தார்கள், 'விட்டுவிடும் வியாதி' என்கிற அர்த்தத்திலே. தேவபிள்ளையே, இந்த வியாதி கொரியாவிலே மட்டும்தானா இருக்கிறது? கடன்காரன் வாசலிலே நிற்கிறான், மகளுக்கு வரன் கூடிவரவில்லை, டாக்டர் கையை விரித்துவிட்டார். போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினவர்கள் நம்ம நடுவிலேயும் உண்டு.

எலியாவும் அப்படித்தான் திரும்பினான். சூரைச்செடியின்கீழ் படுத்து, போதும் கர்த்தாவே என்றான். கர்மேலிலே அக்கினியை இறக்கினவன்! அப்போது தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணினானா? உன் விசுவாசம் எங்கே என்று கடிந்துகொண்டானா? தட்டி எழுப்பி, சாப்பிடு என்றான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். மறுபடியும் படுத்தான். மறுபடியும் தட்டி எழுப்பினான். இரண்டு தரம்! உபவாச ஜெபத்துக்கு வா என்று சொல்லத் தெரிந்த நமக்கு, முதலில் சோறு கொண்டுபோய் வைக்கத் தெரிகிறதா?

திபோர் ரூபின் அதைத்தான் செய்தார். மவுத்ஹவுசனிலே பதினாலு மாதம் படித்த படிப்பு அவருக்கு இருந்தது. இரவிலே மற்றவர்கள் தூங்கும்போது வேலிக்கு வெளியே ஊர்ந்துபோவார். எதிரியின் தானியக் கிடங்கிலேயும் தோட்டத்திலேயும் அகப்பட்டதை உடுப்புக்குள்ளே ஒளித்துக்கொண்டு திரும்பி வருவார். பிடிபட்டால் சித்திரவதை, இல்லாவிட்டால் சாவு. கொண்டுவந்ததைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் பங்கிட்டுக் கொடுப்பார். எழும்ப முடியாதவனைத் தூக்கிப்போய் மலஜலம் கழிக்கவைப்பார், கழுவிவிடுவார். உடம்பிலிருக்கிற பேனை ஒவ்வொன்றாய் எடுத்துப்போடுவார். அழுகின புண்ணிலே புழுவை விட்டுச் சுத்தமாக்கினார் என்றும் கூட இருந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். கேட்க அருவருப்பாய் இருக்கும். ஆனால் சில வகைப் புழு செத்த சதையை மட்டும் தின்னும், உயிருள்ளதைத் தொடாது. மருந்தில்லாத இடத்திலே அதுதான் மருந்து. இப்படி ஒருநாள் இரண்டுநாள் அல்ல, ஏறக்குறைய முப்பது மாதம். நாற்பது பேர் வரைக்கும் அவரால் உயிர்பிழைத்தார்கள் என்று அமெரிக்க அரசாங்கத்தின் விருதுப் பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது.

உடனே சிலர் கேட்பீர்கள்: "பாஸ்டர், களவு செய்யாதிருப்பாயாக என்றுதானே கற்பனை? திருடினதைப் போய்ப் பெருமையாய்ச் சொல்லுகிறீர்களே?" நல்ல கேள்வி. பசிக்காகத் திருடினவனும் அகப்பட்டால் திரும்பச் செலுத்தியே தீரவேண்டும் என்று நீதிமொழிகள் 6ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. அதை நான் லேசாய் எண்ணவில்லை. ஆனாலும் தாவீது பசியாயிருந்தபோது சமுகத்தப்பங்களைத் தின்றதை மத்தேயு 12ல் எடுத்துக்காட்டினவர் யார்? நம்ம ஆண்டவரே. ஆண்பிள்ளைகளைக் கொல்லச்சொன்ன ராஜாவுக்குக் கீழ்ப்படியாத எபிரெய மருத்துவச்சிகளுக்குத் தேவன் நன்மை செய்தார் என்றும் வாசிக்கிறோம். சிறைபிடித்தவன் கைதிக்குச் சாப்பாடு கொடுக்கக் கடமைப்பட்டவன். கொடுக்காமல் கிடங்கிலே பூட்டிவைத்தான். யார் யாரைத் திருடினது? என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் கூடுகையிலே வந்து கேளுங்கள்.

இதே ரெஜிமெண்டிலே எமில் கபான் என்று ஒரு கத்தோலிக்கக் குருவானவரும் இருந்தார். அவரும் உன்சானிலேதான் பிடிபட்டார். அவரும் கைதிகளுக்காக ஆகாரத்தைத் திருடி வந்து கொடுத்தார். போகும் முன்னே, சிலுவையிலே ஆண்டவருக்குப் பக்கத்தில் தொங்கின அந்த நல்ல கள்ளனை நோக்கி ஜெபம் பண்ணிவிட்டுத்தான் போவாராம். நமக்கு அப்படி ஜெபிக்கிற வழக்கமில்லை. ஆனாலும் வாசித்தபோது கண் கலங்கினது. 1951 மே மாதம் அந்த முகாமிலேயே மரித்துப்போனார். 2013ல்தான் அவருக்கும் அந்த உயர்ந்த விருது கிடைத்தது. ஒரு குருவானவர், ஒரு யூத வாலிபன். ஒரே வேலியைத் தாண்டி, ஒரே காரியத்துக்காகப் போனார்கள்.

அந்த யுத்தத்திலே நம்ம தேசத்தாரும் இருந்தார்கள். இந்தியா துப்பாக்கி ஏந்தின சேனையை அனுப்பவில்லை. 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவைத்தான் அனுப்பினது. தலைமை வகித்தவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், நம்ம ஆற்காட்டின் பேரைத் தன் பேரோடே கொண்டவர். 1950 கடைசியில் பியோங்யாங்கை விட்டு எல்லாரும் பின்வாங்கினபோது, மருத்துவச் சாமான்களை விட்டுப்போக மனமில்லாமல் ஒரு பழைய நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்துத் தாங்களே ஓட்டிக்கொண்டு தெற்கே வந்து சேர்ந்தார்கள். எத்தனை பேருடைய பிள்ளைகளுக்கு இது தெரியும்? கேட்டுப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. ரூபின் ஹங்கேரியன் என்று தெரிந்ததும் சீனர்கள் அவருக்கு ஒரு வாசலைத் திறந்தார்கள். ஹங்கேரி அப்போது கம்யூனிஸ்ட் தேசம். உன்னை உன் சொந்த நாட்டுக்கு அனுப்பிவிடுகிறோம், போ என்றார்கள். அவர் அமெரிக்கக் குடிமகன்கூட இல்லை. போயிருந்தால் ஒருவனும் குற்றம் சொல்லியிருக்கமுடியாது. போகவில்லை. தேவனுடைய ஜனங்களோடே துன்பப்படுவதை மோசே தெரிந்துகொண்டதாக எபிரெயர் 11:25ல் வாசித்துவிட்டு ஆமென் சொல்லுகிறோம். வாசல் திறந்திருக்கும்போது உள்ளேயே இருப்பது எப்படிப்பட்டது என்று சிறையிலே இருந்தவனுக்குத்தான் தெரியும். கூடப்பிறந்தவன்கூட ஓடிப்போகிற நேரம் அது. நீதிமொழிகள் 17:17ல் இடுக்கணுக்கென்றே பிறக்கிற ஒரு சகோதரனைப் பற்றிச் சாலொமோன் சொல்லுகிறான். அந்த வார்த்தைக்கு முகம் கேட்டால் இந்த முகத்தைக் காட்டலாம். அவனைப் பகைத்து அனுப்பின தேசத்தாருடைய பிள்ளைகளுக்கு அவன் சகோதரனாய் இருந்தான்.

1953 ஏப்ரல் 20ஆம் தேதி வியாதியஸ்தரும் காயப்பட்டவருமான கைதிகளோடே விடுதலையானார். அமெரிக்கக் குடிமகனானார். கலிபோர்னியாவில் லாங் பீச் என்ற பட்டணத்திலே தன் உடன்பிறந்த சகோதரனுடைய கடையிலே வேலைக்கு நின்றார். கலியாணம், இரண்டு பிள்ளைகள், சாதாரண ஜீவியம். தான் செய்ததை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியவில்லை. முகாமிலே இருந்தவர்களில் சிலர் அவர் எப்போதோ செத்துப்போயிருப்பார் என்றே நினைத்திருந்தார்கள்.

1980களிலே பழைய சேவகர்களின் கூடுகையில் அவரை உயிரோடே கண்டார்கள். பாருங்க, அப்போதுதான் பானபாத்திரக்காரர்களுக்கு ஞாபகம் வந்தது! ஆனால் இவர்கள் அவனைவிட நல்லவர்கள். ராஜாவுக்குச் சொப்பனம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. கிழவர்களாய், நடுங்குகிற கையினாலே, அவர் எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தார், எங்களைக் கழுவினார், இன்ன நாளிலே இன்னவனைக் காப்பாற்றினார் என்று சத்தியப் பத்திரங்கள் எழுதினார்கள். அதிகாரிகள் காலம் கடந்துவிட்டது என்றார்கள். எழுதாத புஸ்தகத்தை இவர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். வருஷக்கணக்காய்த் தட்டினார்கள். லூக்கா 18ல் நியாயாதிபதியைத் தூங்கவிடாத அந்த விதவையைப்போல! 2001ல் அமெரிக்கப் பாராளுமன்றம், யூதரும் ஸ்பானிய வம்சத்தாருமான சேவகர்களின் பழைய பதிவுகளை மறுபடியும் ஆராயும்படி சட்டம் பண்ணினது. அந்த ஆராய்ச்சியின் முடிவாக 2014ல் இன்னும் 24 பேருக்கு அந்த விருது கிடைத்தது. அதிலே உயிரோடிருந்தது மூன்றே பேர். மற்றவர்களுக்காகக் குடும்பத்தார் வந்து வாங்கினார்கள்.

ரூபினுக்கு அதற்கு முன்னமே, 2005 செப்டம்பர் 23ஆம் தேதி, வெள்ளை மாளிகையிலே ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் தம்முடைய கையினாலே அந்த விருதைக் கழுத்திலே அணிவித்தார். அப்போது வயது 76.

அந்த வீட்டுக்கு வந்த புகழைவிட வேறொன்று என்னை அதிகமாய்த் தொட்டது. லாங் பீச்சிலே முன்னாள் சேவகர்களுக்கான மருத்துவமனை ஒன்று இருக்கிறது. ரூபின் அங்கே சம்பளமில்லாமல் போய் உதவிசெய்தார். 20,000 மணி நேரத்துக்கு மேலே என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தாலும் 2,500 நாள்! கொரியாவிலே இரவிலே செய்ததைப் பகலிலே, வேலி இல்லாமல், ஒருவரும் துப்பாக்கி நீட்டாமல் செய்தார். எபிரெயர் 13:3ல் கட்டப்பட்டவர்களோடே நீங்களும் கட்டப்பட்டிருப்பதாய் எண்ணி அவர்களை நினைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறதே, அது அவருக்கு வசனமாய்த் தெரிந்திராது, வேலையாய்த் தெரிந்திருந்தது.

அவர் மரித்தபின், 2017ஆம் வருஷம் அந்த மருத்துவமனைக்கு அவருடைய பேரையே வைத்தார்கள். இன்றைக்கு அங்கே போகிற பழைய சேவகன் எவனானாலும், வெள்ளையனோ கறுப்பனோ, வழி கேட்கும்போது பாஸ்தோ ஊர் செருப்புத் தைக்கிறவருடைய மகன் பேரைச் சொல்லித்தான் கேட்கிறான்.